பந்தை உதைப்பவருக்கு ஓட்டு எங்கே?

(குஜிலியம்பாறையில் வாலிபர்கள் நடத்திய கால்பந்தாட்டப் பந்தயத்தின் பரிசளிப்புக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கோப்பையை ஜெயித்த அணிக்கு நமது பாராட்டுக்கள். கடைசி நிமிஷம் வரை விட்டுக் கொடுக்காமல் ஆடித் தோற்ற அணிக்கும் அதே பாராட்டுக்கள். கல்லைப் பொறுக்கி, முள்ளை வெட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டு இந்தத் தரையை மைதானமாக்கிய வாலிபர்களை முதலில் வணங்க வேண்டும்.

நம்மைப் பேசக் கூப்பிட்ட வாலிபர்கள் ஒரு கேள்வியையும் கையில் கொடுத்திருக்கிறார்கள். "ஆசியக் கால்பந்து சம்மேளனம் என்கிறார்களே, அது என்ன? அதன் போட்டிகளில் நம் தேசம் ஏன் இப்படித் தோற்கிறது? 140 கோடி ஜனத்தில் பதினோரு பேர் கிடைக்கவில்லையா?" என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. டீக்கடையில் தினமும் கேட்கிற கேள்வி. நம் ஆட்களுக்குக் காலில் பலமில்லை, சோற்றில் சத்தில்லை என்று அங்கே பதிலும் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பதில் சரியல்ல. விஷயம் காலில் இல்லை. ஸ்தாபனத்தில் இருக்கிறது. அதைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

ஏணியின் படிகள்

நம் ஊர் அணி ஜில்லா சங்கத்தில் சேர வேண்டும். ஜில்லா சங்கங்கள் சேர்ந்தது மாநிலச் சங்கம். மாநிலச் சங்கங்கள் சேர்ந்தது அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம். இதைப் போல ஒவ்வொரு தேசத்துச் சம்மேளனமும் சேர்ந்ததுதான் ஆசியக் கால்பந்து சம்மேளனம். இதில் இன்று 47 அங்கங்கள். மேற்கே லெபனானிலிருந்து கிழக்கே ஜப்பான் வரை பரந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவும் 2006 முதல் இதில்தான் சேர்ந்திருக்கிறது. தலைமைக் காரியாலயம் மலேசியாவில், கோலாலம்பூரில். இதைப் போல உலகத்தில் ஆறு கண்டச் சம்மேளனங்கள் உண்டு. இவை எல்லாவற்றுக்கும் மேலே சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரத்தில் பிஃபா.

ஆசியச் சம்மேளனத்தின் வேலை என்ன? நாலு வருஷத்துக்கு ஒருமுறை ஆசியக் கோப்பை. பெண்களுக்குத் தனி ஆசியக் கோப்பை. 17, 20, 23 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தனித்தனிப் போட்டிகள். தேசம் தேசமாக ஜெயித்து வந்த கிளப்புகளுக்கிடையே சாம்பியன்ஸ் லீக். உலகக் கோப்பைக்கு ஆசியாவிலிருந்து யார் போவது என்பதற்கான தகுதிப் போட்டிகள். நடுவர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் படிப்பும் சான்றிதழும். இத்தனையும் அதன் கையில் இருக்கின்றன.

இது சர்க்கார் அல்ல. இதற்குப் போலீஸ் கிடையாது, சிறைச்சாலை கிடையாது. ஆனால் மேலேயிருந்து பிஃபா ஒரு தேசத்தை விலக்கி வைத்தால், அன்று முதல் அந்த தேசத்து அணி ஆசியப் போட்டி எதிலும் கால் வைக்க முடியாது. ஆகவே இந்த ஏணியை யார் பிடித்திருக்கிறார்கள், ஏணியில் யாருக்கு ஓட்டு என்பது சின்ன விஷயமல்ல.

விடுதலையோடு பிறந்த ஸ்தாபனம்

1954 மே 8ந் தேதி பிலிப்பைன்ஸ் தலைநகரமான மணிலாவில் இந்தச் சம்மேளனம் ஸ்தாபிக்கப்பட்டது. ஆரம்பத்தில் 12 அங்கங்கள். ஆப்கானிஸ்தான், பர்மா, இந்தோனேசியா, பாகிஸ்தான், ஜப்பான், தென்கொரியா முதலியவற்றோடு இந்தியாவும் ஒன்று. நாம் விருந்தாளியாகப் போனவர்கள் அல்ல. அஸ்திவாரக் கல் போட்டவர்களில் ஒருவர்.

காலத்தைக் கவனியுங்கள். இந்தியா, பர்மா, இந்தோனேசியா எல்லாம் அன்னிய ஆட்சியிலிருந்து விடுபட்டுச் சில வருஷங்களே ஆகியிருந்தன. ஆட்டத்தைக் கற்றுக் கொடுத்த வெள்ளைக்காரன் ஆட்டத்தின் கணக்குப் புஸ்தகத்தையும் சட்டப் புஸ்தகத்தையும் தன் கையிலேயே வைத்திருந்தான். "எங்கள் கண்டத்து ஆட்டத்தை நாங்களே நடத்துவோம்" என்று அந்தத் தேசங்கள் கூடியது பெரிய காரியம். அதில் குறை இல்லாமல் இல்லை. சீனாவின் பெயரில் உட்கார்ந்திருந்தது தைவான். 60 கோடி ஜனங்களின் மக்கள் சீனம் 1974ல்தான் உள்ளே வர முடிந்தது. இருந்தாலும் கதவு திறந்தது.

1956ல் ஹாங்காங்கில் முதல் ஆசியக் கோப்பை. நாலே நாலு அணிகள். தென்கொரியா ஜெயித்தது. 2024 ஜனவரியில் கத்தாரில் ஆசியக் கோப்பை நடந்தபோது 24 அணிகள் ஆடின. இந்த வளர்ச்சி சும்மா வரவில்லை.

ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். 1966 உலகக் கோப்பை இங்கிலாந்தில். மொத்தம் 16 அணிகளுக்கு இடம். அதில் ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஓர் இடம்! உலக ஜனத்தொகையில் பாதிக்கு மேல் வாழ்கிற பூமிக்குப் பதினாறில் ஒரு பங்கு. ஆப்பிரிக்க தேசங்கள் பொறுக்கவில்லை. 1957ல்தான் அவர்களுடைய சம்மேளனம் பிறந்திருந்தது. வெள்ளையரும் கறுப்பரும் கலந்த அணியை அனுப்ப மறுத்த தென்னாப்பிரிக்க நிறவெறிச் சங்கத்தை ஆரம்பத்திலேயே வெளியே தள்ளிய மானமுள்ள ஸ்தாபனம் அது. கானா தேசத்து நிக்ருமாவின் ஆதரவோடு, விண்ணப்பித்த ஆப்பிரிக்க அணிகள் எல்லாம் தகுதிப் போட்டியைப் பகிஷ்கரித்தன.

ஒரே இடத்துக்கு வட கொரியா போயிற்று. ஐரோப்பியப் பத்திரிகைகள் சிரித்தன. அந்த அணி இத்தாலியை 1-0 என்று வென்றது. கோல் போட்டவர் பாக் டூ இக். காலிறுதியில் போர்ச்சுகலுக்கு எதிராக மூன்று கோல் முந்திக் கொண்டு, பிறகு 5-3 என்று தோற்றது. ஆனால் சிரித்தவர்கள் வாய் மூடியது. 1970 உலகக் கோப்பையில் ஆப்பிரிக்காவுக்கு ஓர் இடம், ஆசியாவுக்கு ஓர் இடம் என்று தனித்தனியே ஒதுக்கினார்கள். 2026 உலகக் கோப்பையில் ஆசியாவுக்கு எட்டு நேரடி இடங்கள். ஐக்கியமாக நின்றால் ஏழைத் தேசத்துக்கும் பங்கு கிடைக்கும். கண்டச் சம்மேளனம் என்பதற்கு அர்த்தம் இதுதான்.

நம் கால்களுக்குப் பலம் இருந்த காலம்

இனி நம் தேசத்துக் கதைக்கு வருவோம். 1951ல் டில்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி. ஈரானை 1-0 என்று வென்று தங்கம் வாங்கினோம். மேவாலால் கோல் போட்டார். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று தோற்கடித்தோம். நெவில் டிசோசா மூன்று கோல் போட்டார். அந்த ஒலிம்பிக்கில் நமக்கு நாலாவது இடம். 1962ல் ஜாகர்த்தாவில் மறுபடியும் தங்கம். விளையாட்டுக்கு வெளியே எழுந்த ராஜ்யத் தகராறினால் அந்த ஊர் ஜனங்கள் இந்தியாவின் மீது கோபமாக இருந்தார்கள். மைதானம் முழுக்க எதிர்ப்புக் கூச்சல். அதற்கு நடுவே பி.கே. பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் கோல் போட, தென்கொரியாவை 2-1 என்று வென்றோம். 1964 ஆசியக் கோப்பையில் இரண்டாவது இடம்.

இதில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு தேசத்துக்கு எதிராகக் கோல் போட்டவர் நம் சைமன் சுந்தரராஜ். ஒலிம்பிக் கால்பந்தாட்டத்தில் இந்தியா போட்ட கடைசி கோல் இன்று வரை அதுதான். ஜாகர்த்தா அணியில் கோல் காத்த பீட்டர் தங்கராஜ் நீலகிரி வெலிங்டனில் இருந்த மதராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அணியில் வளர்ந்தவர். அந்த அணி 1955லும் 1958லும் டூரண்ட் கோப்பையை வாங்கியது.

இவர்களெல்லாம் யார்? மிராசுதார் வீட்டுப் பிள்ளைகளா? போலீஸ்காரர்கள், சிப்பாய்கள், ரயில்வே சிப்பந்திகள். இவர்களுக்குப் பயிற்சி கொடுத்த சையது அப்துல் ரஹீம் ஹைதராபாத்தில் பள்ளிக்கூட உபாத்தியாயராக இருந்தவர். உடம்பில் புற்றுநோயோடு ஜாகர்த்தாவுக்குப் போய் ஜெயித்து வந்து, அடுத்த வருஷம் ஜூன் மாதம் காலமானார்.

அப்போது மட்டும் சோற்றில் சத்து அதிகமிருந்ததா? பஞ்சமும் ரேஷனும் இருந்த காலம் அது. ஆகவே டீக்கடைப் பதில் சரியல்ல.

பிறகு என்ன நடந்தது? மற்றவர்கள் பிள்ளைகளைப் பத்து வயதில் பிடித்துப் பயிற்சி கொடுத்தார்கள். ஜப்பான் 1960ல் ஜெர்மானியப் பயிற்சியாளர் கிராமரைக் கூப்பிட்டது, 1968 ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியது, 1992ல் ஆசியக் கோப்பையை வாங்கியது, 1993ல் தொழில்முறை லீக் ஆரம்பித்தது. முப்பது வருஷ உழைப்பு! நாம் 1970ல் பாங்காக்கில் வெண்கலம் வாங்கினோம். அதோடு ஆசிய விளையாட்டில் கால்பந்துப் பதக்கம் நின்றது. 1964க்குப் பிறகு ஆசியக் கோப்பையின் வாசற்படியை மிதிக்க இருபது வருஷம் ஆயிற்று. 2023 ஆசியக் கோப்பை 2024 ஜனவரியில் நடந்தபோது ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா மூன்றிடமும் தோற்றோம். ஒரு கோல்கூடப் போடவில்லை. 2025 அக்டோபரில் கோவாவில் நம் சொந்த மண்ணில் சிங்கப்பூரிடம் 2-1 என்று தோற்று, 2027 ஆசியக் கோப்பைக்குப் போகும் வாய்ப்பையும் இழந்தோம்.

ஆட்டத்தைக் குத்தகைக்கு விட்டார்கள்

குளத்தைக் குத்தகைக்கு விடுவார்கள், புளிய மரத்தைக் குத்தகைக்கு விடுவார்கள். 2010 டிசம்பரில் இந்தியச் சம்மேளனம் கால்பந்தாட்டத்தின் வியாபார உரிமைகளையே 15 வருஷத்துக்கு, 700 கோடி ரூபாய்க்கு, ரிலையன்ஸ் கூட்டுக் கம்பெனி ஒன்றுக்கு எழுதிக் கொடுத்தது. 2014ல் இந்தியன் சூப்பர் லீக் பிறந்தது. வாண வேடிக்கை, சினிமா நட்சத்திரங்கள், வெளிநாட்டிலிருந்து ஓய்வு பெற வந்த பெரிய ஆட்டக்காரர்கள்.

அப்போது ஏற்கெனவே ஐ-லீக் என்று ஒன்று இருந்தது. அதில் 2018-19ல் சாம்பியன் ஆனது நம் சென்னை சிட்டி அணி. கோயமுத்தூர் நேரு ஸ்டேடியத்தில் ஆடிய அணி. அந்த ஜெயத்தினால் 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிப் போட்டியில் பஹ்ரைன் கிளப் அல் ரிஃபாவோடு மோதி 1-0 என்று தோற்றது. அந்தப் பாதை அதற்குப் பிறகு ஐ-லீக் அணிகளுக்கு அடைபட்டுப் போயிற்று. 2019 அக்டோபரில் கோலாலம்பூரில் கூடிப் பேசி, சூப்பர் லீக்கே இனி தேசத்தின் முதல் லீக் என்று ஆசியச் சம்மேளனத்தின் சம்மதத்தோடு தீர்மானித்து விட்டார்கள். மைதானத்தில் ஜெயித்தவன் மேலே ஏறுவான் என்பது உலகமெங்கும் உள்ள நியாயம். இங்கே அதற்கு வருஷக்கணக்கில் காத்திருக்கச் சொன்னார்கள்.

குத்தகை முடிவு என்ன ஆயிற்று? 2025 டிசம்பர் 8ந் தேதி ஒப்பந்தம் காலாவதி. புதுப்பிக்கும் பேச்சு முடியவில்லை. ஜூலையிலேயே அடுத்த சீசனை நிறுத்தி வைத்தார்கள். நவம்பரில் உரிமைகளுக்கு டெண்டர் விட்டார்கள். ஒருவர்கூடக் கேட்க வரவில்லை! லாபம் தெரிந்தால் வருவான், தெரியாவிட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக் கொண்டு போய்விடுவான். அவன் வியாபாரி. அவனைக் கோபித்து என்ன பயன்? பிள்ளைகளின் ஆட்டத்தை அவன் தோளில் தூக்கி வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும். அந்த மாதங்களில் சம்பளம் வருமா வராதா என்று தவித்தவர்கள் ஆட்டக்காரர்கள். மைதானத்துக்குப் புல் வெட்டுகிறவர், துணி துவைக்கிறவர், பஸ் ஓட்டுகிறவர் வரை தவித்தார்கள்.

மேலே நடப்பது என்ன?

ஆசியச் சம்மேளனத்தின் மாடியில் மட்டும் காற்று சுத்தமா? 2002 முதல் தலைவராக இருந்த கத்தார் தேசத்து முகமது பின் ஹம்மாம் மீது 2011ல் லஞ்சக் குற்றச்சாட்டு. ஆயுள் தடை விதித்தார்கள். விளையாட்டுத் தீர்ப்பு மன்றம் சாட்சியம் போதாது என்று 2012 ஜூலையில் அதை ரத்து செய்தது. அதே வருஷம் டிசம்பரில் வேறு விவகாரங்களுக்காக மறுபடி ஆயுள் தடை வந்தது. 2013 முதல் தலைவர் பஹ்ரைன் ராஜ குடும்பத்து ஷேக் சல்மான்.

2018 நவம்பரில் ஹக்கீம் அல் அராய்பி என்ற பஹ்ரைன் கால்பந்து வீரர் பாங்காக்கில் கைதானார். 2011 ஜனநாயகக் கிளர்ச்சிக்குப் பின் சொந்த தேசத்தில் சித்திரவதைக்கு ஆளானதாகச் சொல்லி ஆஸ்திரேலியாவில் அடைக்கலம் பெற்றவர் அவர். ஷேக் சல்மானையும் பகிரங்கமாகக் குறை கூறியவர். ஆசியச் சம்மேளனத்தின் ஒரு ஆட்டக்காரன் ஆசியச் சம்மேளனத்தின் ஓர் அங்க தேசத்தில் சிறையில் கிடக்கிறான். தலைவர் வாய் திறக்கவில்லை. மேற்காசிய விவகாரங்களிலிருந்து அவர் ஒதுங்கி இருக்கிறார் என்று காரியாலயம் விளக்கம் சொன்னது. ஆஸ்திரேலியாவின் முன்னாள் கேப்டன் கிரெய்க் ஃபாஸ்டரும், ஆட்டக்காரர்களின் சங்கங்களும், சாதாரண ஜனங்களும் கிளர்ந்தார்கள். 2019 பிப்ரவரியில் அவர் விடுதலையாகி மெல்போர்ன் திரும்பினார். அவரைக் காப்பாற்றியது ஆட்டக்காரர்களின் ஒற்றுமை.

போட்டிகள் நடக்கிற இடத்தையும் பாருங்கள். 2011 கத்தார், 2015 ஆஸ்திரேலியா, 2019 அமீரகம், 2023க்குரியது மறுபடி கத்தார், 2027 சவூதி அரேபியா. ஐந்தில் நாலு எண்ணெய்ப் பணமுள்ள வளைகுடாவில். 2027க்குப் போட்டியிட்ட இந்தியா 2022 டிசம்பரில் தானே விலகிக் கொண்டது. கத்தாரில் நம் அணி ஆடிய ஸ்டேடியங்களைக் கட்டியவர்கள் யார்? நேபாளம், வங்க தேசம், இந்தியா என்று பல தேசத்துக் கூலிகள். தமிழ்நாட்டிலிருந்து கடன் வாங்கி விமானம் ஏறியவர்களும் அங்கே உண்டு. உலகக் கோப்பைக்கான வேலைகளில் 400 முதல் 500 தொழிலாளர்கள் வரை இறந்திருக்கலாம் என்று அந்த ஏற்பாட்டின் தலைமை அதிகாரியே 2022 நவம்பரில் பேட்டியில் சொன்னார். அந்தப் புல்தரையின் பச்சைக்கு அடியில் அவர்கள் வேர்வை இருக்கிறது.

இதே போட்டியில் மனசைத் தொடுகிற காட்சியும் ஒன்று. 1998ல்தான் அங்கீகாரம் பெற்ற பாலஸ்தீனம், காஸாவில் குண்டு விழுந்து கொண்டிருந்த அதே ஜனவரியில், ஹாங்காங்கை 3-0 என்று வென்று முதல் தடவையாக அடுத்த சுற்றுக்குப் போயிற்று. வீட்டிலிருந்து சாவுச் செய்தி வந்தவர்கள் ஆடி ஜெயித்தார்கள். இந்தச் சம்மேளனத்தை நாம் குறை சொல்வது அதை இடிப்பதற்கல்ல. பாலஸ்தீனக் கொடி உயரப் பறக்கிற ஒரு மேடையை அது கொடுத்திருக்கிறது. அந்த மேடை ஆடுகிறவர்களுக்குச் சொந்தமாக வேண்டும் என்பதுதான் நம் வாதம்.

தாஷ்கண்டில் நின்ற பெண்கள்

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருகிறோம். 2020 டிசம்பரில் இந்தியச் சம்மேளனத்தின் நிர்வாகிகளுக்குப் பதவிக் காலம் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை. ஒன்றரை வருஷம் நாற்காலியிலேயே இருந்தார்கள். 2022 மே 18ந் தேதி சுப்ரீம் கோர்ட் அவர்களை அகற்றி, மூவர் கமிட்டியிடம் நிர்வாகத்தைக் கொடுத்தது. ஆகஸ்ட் 3ந் தேதி கோர்ட் இன்னொரு உத்தரவு போட்டது. தேர்தலில் மாநிலச் சங்கங்களின் 36 ஓட்டுகளோடு, தேசத்துக்கு ஆடிய 36 முன்னாள் ஆட்டக்காரர்களுக்கும் ஓட்டு! 24 ஆண்கள், 12 பெண்கள்.

இதுதான் சரித்திரத்தில் முதல் தடவை. பந்தை உதைத்தவனுக்கும் உதைத்தவளுக்கும், நாற்காலியில் உட்கார்ந்தவனுக்குச் சமமான ஓட்டு.

ஆகஸ்ட் 15ந் தேதி, நம் சுதந்திர தினத்தில், பிஃபா இந்தியாவை விலக்கி வைத்தது. மூன்றாம் தரப்பின் தலையீடு கூடாது என்பது காரணம். தனி ஆட்களாக ஆட்டக்காரர்கள் அங்கத்தினராவதையும் அது ஏற்கவில்லை.

அப்போது கோகுலம் கேரளா பெண்கள் அணி உஸ்பெகிஸ்தானில் தாஷ்கண்டில் இறங்கியிருந்தது. இந்தியப் பெண்கள் லீக்கின் சாம்பியன்கள் அவர்கள். ஆசியச் சம்மேளனம் நடத்திய பெண்கள் கிளப் பந்தயத்தில் ஆடப் போனவர்கள். பெட்டி படுக்கையோடு ஓட்டலில் உட்கார்ந்திருந்தார்கள். ஆடக் கூடாது என்றார்கள். பிரதமருக்குக்கூட முறையிட்டுப் பார்த்தார்கள். பந்தைத் தொடாமலே திரும்பினார்கள். அவர்கள் செய்த குற்றம் என்ன? நாற்காலியை விடாதது அவர்களா? தேர்தலை ஒத்திப் போட்டது அவர்களா? தகராறு மேல் மாடியில். தண்டனை கீழே நின்ற பெண்களுக்கு.

ஆகஸ்ட் 22ந் தேதி கோர்ட் கமிட்டியைக் கலைத்தது. பொதுக்குழு ஓட்டுரிமை மாநிலச் சங்கங்களுக்கு மட்டும் என்று ஆயிற்று. ஆட்டக்காரர்களில் ஆறு பேருக்கு நிர்வாகக் குழுவில் இடம் மட்டும் கிடைத்தது. 26ந் தேதி தடை நீங்கியது. செப்டம்பர் 2ந் தேதி தேர்தல். தேசத்தின் முன்னாள் கேப்டன் பாய்ச்சுங் பூட்டியா நின்றார். எதிர்த்து நின்ற கல்யாண் சௌபேயும் ஒரு காலத்தில் கோல் காத்தவர்தான். ஆனால் மாநிலச் சங்கங்களின் ஆதரவோடு நின்றவர். அவருக்கு 33 ஓட்டு. பூட்டியாவுக்கு ஒன்றே ஒன்று.

பிஃபா சொல்வதில் நியாயமே இல்லையா? இருக்கிறது. எந்த மந்திரி வேண்டுமானாலும் கால்பந்துச் சங்கத்தைக் கைப்பற்றலாம் என்று விட்டால் பல தேசங்களில் சர்வாதிகாரிகளின் மருமகன்தான் கோல்கீப்பர் ஆவான். ஆகவே அரசாங்கத் தலையீட்டுக்கு வேலி வேண்டும். ஆனால் வேலி பயிரைக் காக்க வேண்டும். பயிர் மேய்கிற மாட்டைக் காக்கக் கூடாது. ஆட்டக்காரன் மூன்றாம் தரப்பா? ஆட்டத்தில் அவனைவிட முதல் தரப்பு யார்?

அந்தப் போராட்டம் வீண் போகவில்லை. 2025 ஆகஸ்டில் பிஃபாவும் ஆசியச் சம்மேளனமும் சேர்ந்து இன்னொரு எச்சரிக்கைக் கடிதம் எழுதின. புதிய அமைப்பு விதிகளை உடனே நிறைவேற்றாவிட்டால் மறுபடி தடை என்றன. செப்டம்பர் 19ந் தேதி சுப்ரீம் கோர்ட் விதிகளை அங்கீகரித்தது. அதில் முன்னாள் ஆட்டக்காரர்கள் 15 பேருக்குப் பொதுக்குழுவில் இடம், அவர்களில் ஐந்து பேராவது பெண்கள். 36 கேட்டது 15 ஆயிற்று. ஆனாலும் சுவரில் விரிசல் விழுந்து விட்டது. அந்தப் பதினைந்து பேர் யாருக்குப் பதில் சொல்வார்கள் என்பதுதான் இனிக் கேள்வி. கீழே விழித்துக் கொண்டிருக்கிற ஜனம் இருந்தால் நமக்கு. இல்லாவிட்டால் நாற்காலிக்கு.

தங்கைகளுக்கு ஒரு வார்த்தை

பெண்களுக்கு இடமில்லை என்று ஆண்களின் ஸ்தாபனம் திரும்பிப் படுத்திருந்த காலத்தில், ஆசியப் பெண்கள் 1968லேயே தங்களுக்கென்று தனிச் சம்மேளனம் கட்டினார்கள். 1975ல் ஹாங்காங்கில் தாங்களே ஆசியப் போட்டியும் நடத்தினார்கள். 1986ல்தான் ஆசியச் சம்மேளனம் அதைத் தன்னோடு சேர்த்துக் கொண்டது. அந்தப் போட்டியில் இந்தியப் பெண்கள் இரண்டு தடவை இறுதியாட்டம் வரை வந்தவர்கள். 1980ல் கோழிக்கோட்டில், 1983ல் பாங்காக்கில். எத்தனை பேருக்கு இது தெரியும்?

2022ல் நம் தேசத்திலேயே பெண்கள் ஆசியக் கோப்பை நடந்தது. அணிக்குள் கொரோனா பரவி, பதிமூன்று பேர் தேறாமல், நம் பெண்கள் விலக வேண்டி வந்தது. அதற்குப் பதில் 2025 ஜூலை 5ந் தேதி கிடைத்தது. தாய்லாந்து மண்ணில், சியாங் மாயில், தாய்லாந்தையே 2-1 என்று வென்று ஆஸ்திரேலியாவில் நடக்கும் 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். இரண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர் போட்டார். ஆண்கள் தகுதி இழந்த அதே வருஷம்!

தமிழ்நாட்டுப் பெண்கள் 2018லும் 2023லும் தேசிய சாம்பியன்கள். கடலூர் ஜில்லாவின் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடியவர். நமக்குப் பக்கத்து மதுரையின் சேது அணி 2018-19ல் இந்தியப் பெண்கள் லீக்கை ஜெயித்தது. வேடசந்தூர்ப் பக்கத்து நூல் மில்லுக்கு விடியுமுன் பஸ் ஏறுகிற பெண்களின் கால்களும் அதே கால்கள்தான். ஷிப்டு முடிந்து வந்தால் அவர்களுக்குப் பந்து உதைக்க ஒரு மணி நேரமும் ஓர் இடமும் உண்டா? அதுதான் கேள்வி.

இங்கே என்ன செய்வது?

மணிலா, கோலாலம்பூர், தாஷ்கண்ட் என்றெல்லாம் பேசிவிட்டு இங்கே என்ன செய்வது என்று சொல்லாவிட்டால் பேச்சு வெறும் காற்று.

முதல் காரியம், இடம். ஒரு முழு அளவு கால்பந்து மைதானத்துக்கு 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம் போதும். சுற்றி நிற்க இடம் விட்டாலும் ஏறக்குறைய இரண்டு ஏக்கர். மானாவாரி பூமியான இந்த ஒன்றியத்தில் அது எட்டாக்கனியா? தமிழக அரசு 2024ல் கிராம ஊராட்சிகளுக்கு விளையாட்டுச் சாமான் கொடுக்கும் திட்டம் ஆரம்பித்தது. நல்லது. பந்து வந்தது, உதைக்க இடம் வேண்டாமா? பந்து பீரோவில் தூங்கினால் பந்துக்குத்தான் ஓய்வு. நம் ஒன்றியத்துக் கிராமங்களில் குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி நாட்களில் கிராம சபை கூடுகிறது. அங்கே எழுந்து நின்று, புறம்போக்கில் இன்ன சர்வே நம்பர் இடத்தை மைதானத்துக்கு ஒதுக்கு என்று தீர்மானம் போடுங்கள். அதை நோட்டில் எழுதும் வரை உட்காராதீர்கள்.

இரண்டாவது, அங்கத்தினர் ஆவது. பந்தயம் நடத்திக் கோப்பை கொடுத்தால் மட்டும் போதாது. உங்கள் அணியை முறைப்படி பதிவு செய்து ஜில்லா சங்கத்தில் சேருங்கள். ஏணியின் முதல் படி அதுதான். அந்தப் படியில் கால் வைக்காதவன் மேல் படியைக் குறை சொல்லிப் பயனில்லை.

மூன்றாவது, கேள்வி கேட்பது. தேர்தல் எப்போது? ஓட்டு யாருக்கு? கணக்கு எங்கே? ஆடுகிறவர்களில் எத்தனை பேர் நிர்வாகக் குழுவில்? ஜில்லா சங்கத்தில் இதைக் கேட்கத் தைரியம் வந்தால்தான் மாநிலத்தில் கேட்க முடியும். மாநிலத்தில் கேட்டால்தான் டில்லியில் கேட்கும். டில்லியில் ஆடுகிறவர் குரல் ஒலித்தால்தான் கோலாலம்பூரில் இந்தியாவின் ஓட்டு ஆடுகிறவருக்காக விழும்.

நாலாவது, பெண்கள் அணி. அடுத்த பந்தயத்தில் ஆண்களுக்கு எத்தனை ஆட்டமோ பெண்களுக்கும் அத்தனை ஆட்டம். தாய்மார்களே, பெண் பிள்ளை பந்து உதைத்தால் ஊர் என்ன சொல்லும் என்று தயங்க வேண்டாம். சியாங் மாயில் அவர்கள் ஜெயித்தபோது ஊர் கைதட்டித்தான் தீர வேண்டியிருந்தது.

140 கோடியில் பதினோரு பேர் கிடைக்கவில்லையா என்று கேட்டீர்கள். பதினோரு பேர் எப்போதும் இருக்கிறார்கள். இன்று இந்தத் தரையிலேயே இருபத்திரண்டு பேரைப் பார்த்தோம். அவர்களுக்கு இடமும், பயிற்சியும், ஓட்டும் கிடைக்கவில்லை. இம்மூன்றும் மேலேயிருந்து இறங்கி வராது. கீழேயிருந்து கேட்டு வாங்க வேண்டும். 1954ல் பன்னிரண்டு தேசங்கள் கூடிக் கேட்டன. ஆசியாவுக்கு ஒரு ஸ்தாபனம் கிடைத்தது. 1966ல் ஆப்பிரிக்கா கேட்டது. இரண்டு கண்டங்களுக்கு இடம் கிடைத்தது. பெண்கள் கேட்டார்கள், கிடைத்தது. ஆட்டக்காரர்கள் கேட்டார்கள், பதினைந்து ஓட்டாவது கிடைத்தது.

அடுத்த கிராம சபைக்கு இன்னும் அதிக நாள் இல்லை. தீர்மானத்தை இன்று இரவே எழுதி வையுங்கள். ஆடிய இரண்டு அணிகளும் அதில் கையெழுத்துப் போடட்டும்.